மூணு ஒலிம்பிக் ஃபைனல், ஒரு த்ரோகூட இல்லை: இடாலிஸ் ஒர்டிஸ் உண்மையில் எப்படி ஜெயித்தார்?

03.08.2024, காலை 8.10 (கேள்வி)

நேத்து பாரிஸ் ஒலிம்பிக் ஜூடோவில் 78 கிலோவுக்கு மேலான பெண்கள் பிரிவில் நம்ம துலிகா மான் முதல் சுற்றிலேயே வெளியே. 28 வினாடி, இப்போன் (உடனே ஆட்டத்தை முடிக்கிற முழுப் புள்ளி), முடிஞ்சது. எதிரே நின்னவர் கியூபாவின் இடாலிஸ் ஒர்டிஸ், வயசு 34. நாலு ஒலிம்பிக் பதக்கம் வச்சிருக்கார்னு தெரிஞ்சதும் பழைய ஃபைனல்களைத் தேடிப் பார்த்தேன். 2012ல புள்ளி இல்லாம நடுவர்கள் கொடி தூக்கிக் குடுத்த தங்கம். 2016லயும் 2021லயும் ஷிடோ (நடுவர் குடுக்கிற தண்டனை) வாங்கித் தோத்திருக்கார். மூணு ஃபைனல்லயும் யாரும் யாரையும் எறியல. ஹெவிவெயிட் பெண்கள் ஜூடோன்னா ரெண்டு பேரும் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதானா? இவர் எறியத் தெரியாமலே பதக்கம் சேர்த்தவர்னு தோணுது. தப்புன்னா திருத்துங்க.

03.08.2024, இரவு 9.40

தப்பு. எறியத் தெரியாதவர் 28 வினாடியில் இப்போன் எப்படி எடுத்தார்? கேள்வியோட முதல் பாதியிலேயே பதில் இருக்கு.

முதல்ல கணக்கைப் பார்த்துடலாம். 2008 பெய்ஜிங்ல வெண்கலம், அப்ப வயசு 18. 2012 லண்டன்ல தங்கம். 2016 ரியோவில் வெள்ளி. 2021ல நடந்த டோக்கியோ 2020ல வெள்ளி. பாரிஸ் அஞ்சாவது ஒலிம்பிக், அதில் மட்டும் வெறுங்கை. உலகப் போட்டியில் 2013 ரியோ, 2014 செல்யாபின்ஸ்க், ரெண்டிலும் தங்கம், ரெண்டு ஃபைனலிலும் எதிரே பிரேசிலின் மரியா சுவெலன் அல்தெமான். பிறகு 2018 பாகுவில் சாரா அசஹினாவிடமும், 2019 டோக்கியோவில் அகிரா சோனேவிடமும் (ரெண்டு பேரும் ஜப்பான்) தோத்து வெள்ளி.

ஒலிம்பிக் ஃபைனல் மூணை மட்டும் வச்சு ஒருத்தரை எடை போடக் கூடாது. ஃபைனல்னா எதிரே நிக்கிறவர் உங்களை ரெண்டு வருஷமா வீடியோவில் பார்த்துக்கிட்டு இருந்தவர். முதல் சுற்று அப்படி இல்ல.

03.08.2024, இரவு 9.52

பட்டியல் போட்டதில் ஒண்ணு விட்டுப்போச்சு. லண்டன் தங்கத்தைக் "கொடி தூக்கிக் குடுத்தது"ன்னு தள்ளுறதுக்கு முன்னாடி அரையிறுதியைப் பாருங்க. அங்கே தோத்தது சீனாவின் டோங் வென். 2008 ஒலிம்பிக் சாம்பியன், 2011 உலக சாம்பியன். அவரைத் தாண்டித்தான் ஃபைனலுக்கே வந்தார். டோங் வென் அன்னிக்கு வெண்கலத்தோட போனார், இன்னொரு வெண்கலம் பிரிட்டனின் கரினா பிரையன்ட்.

04.08.2024, காலை 7.05

சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதானான்னு கேட்டீங்களே, அதுக்குத்தான் நீளமா எழுதணும்.

இந்தப் பிரிவில் மேல் வரம்பு கிடையாது. 78க்கு மேல இருந்தா போதும். மத்த எடையில் இருக்கிறவங்க பசியில் சாகும்போது இவங்க எடைக்கருவியில் ஏறி, 78ஐத் தாண்டியாச்சான்னு பார்த்துட்டு இறங்கிடுவாங்க. விளைவு, உடம்பு வாகு ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும். சோனே 162 செ.மீ., ஒர்டிஸ் 180. ஒரே பிரிவில் ஒரு சாண் வித்தியாசம். அதனால ஆட்டம் முதல்ல பிடியிலதான் நடக்கும், த்ரோ அதுக்குப் பிறகு.

உயரமானவருக்கு வேண்டியது: பலமான கை எதிராளியின் தோளுக்கு மேலே போய் பின்கழுத்துக் காலரைப் பிடிக்கணும். பிடிச்சதும் முழங்கையைக் கீழே இறக்கணும். இதுதான் பலர் விடுற இடம். முழங்கை மேலேயே இருந்தா வெறும் தொங்கல்தான், எதிராளி அடியில் புகுந்து திரும்பிடுவார். முழங்கை இறங்கினா அவர் தலை உங்க அக்குளுக்கு அடியில் போகும், இடுப்பு மடங்கும், கால் பின்னாடி தங்கும். குனிஞ்சே நின்னா தற்காப்பு நிலைன்னு அவருக்கு ஷிடோ. நிமிரப் பார்த்தா, நிமிர்ற அந்தக் கணத்தில்தான் காலை வாரணும்.

குட்டையானவருக்கு வேண்டியது நேர் எதிர். அந்தப் பலமான கை தோளுக்கு மேலே வரவே கூடாது. அதனால முதல் வேலை எதிராளியின் அந்தக் கைச்சட்டையைப் பிடிச்சுக் கீழே அமுக்குறது. இன்னொரு கை காலர் எலும்புக்குக் கீழே சட்டை மடிப்பைப் பிடிக்கும், முழங்கை விலாவோட ஒட்டியிருக்கும். இந்த முழங்கைதான் இடைவெளியைக் காக்குற முட்டு. கைச்சட்டை நழுவினா அஞ்சு வினாடிக்குள்ள தலைக்கு மேல கை வந்துடும்.

ரெண்டு பேருமே உலகத் தரம்னா ரெண்டு வேலையும் பாதிப் பாதி நடக்கும். அதைத்தான் நீங்க "நிக்கிறது"ன்னு பார்த்தீங்க.

04.08.2024, காலை 7.20

இன்னொண்ணு. 60 கிலோ ஆளை இழுத்து நிலைகுலைக்கலாம். 120 கிலோவை இழுத்தா உங்க முன்கைதான் கட்டையாகும். ஹெவிவெயிட்ல இழுக்குறதில்ல, நடத்துறது. வளைச்சு நடத்தி, எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுற நேரத்தில் கணுக்காலைத் தடுக்கணும். சசாயே, டெ-ஆஷி மாதிரி பாதத்தால் தடுக்கிற, வாருற சின்ன வேலைகள் இந்தப் பிரிவில் அவ்வளவு எடுபடுறதுக்கு இதுதான் காரணம்.

பெரிய த்ரோ தப்பினா தண்டனை பெருசு. செயோ-நாகேவுக்கு (திரும்பி, தோளுக்கு மேலே எறியறது) பாதி திரும்பி நின்னுட்டா அவ்வளவு கனமும் முதுகில் இறங்கும். மகிகோமி, அதாவது சுருட்டிக்கிட்டு கூடவே விழுறது, நிலைகுலைக்காம போட்டா நீங்க குப்புற, எதிராளி உங்க முதுகு மேல. அடிக்கடி அப்படி விழுந்தா போலித் தாக்குதல்னு ஷிடோவும் உண்டு. அதனாலதான் ஃபைனல்ல ஆளாளுக்குத் தயங்குறாங்க.

04.08.2024, மதியம் 1.30

"எதிராளி தயங்கினா ஜட்ஜ் என்ன பண்ணுவார்"னு ஒருத்தர் கேட்டிருக்கார். அங்கேதான் கதை. ஒர்டிஸோட மூணு ஃபைனலும் மூணு விதியில் நடந்தது.

2012 லண்டன்: 5 நிமிடம், அப்புறம் 3 நிமிட கோல்டன் ஸ்கோர், அதாவது முதல் புள்ளி எடுத்தவர் ஜெயிக்கிற கூடுதல் நேரம். அதிலும் புள்ளி இல்லன்னா மேட்ல இருக்கிற மூணு நடுவரும் கொடி தூக்கி முடிவு சொல்வாங்க, அதுக்குப் பேர் ஹன்டே. ஜப்பானின் மிகா சுகிமோட்டோவுக்கு எதிரா ஒர்டிஸ் அதில் ஜெயிச்சார். அதே வாரம் ஆண்கள் 66 கிலோவில் மூணு கொடியும் கொரியாவின் சோ ஜுன்-ஹோவுக்குப் போய், ஜூரி தலையிட்டு, மூணும் ஜப்பானின் எபினுமாவுக்கு மாறின கூத்தும் நடந்தது. அடுத்த வருஷமே கொடியைத் தூக்கிப் போட்டுட்டாங்க.

2016 ரியோ: பெண்களுக்கு 4 நிமிடம். கோல்டன் ஸ்கோருக்கு நேர வரம்பே இல்ல. ஆனா முதல் ஷிடோ யாருக்கு விழுதோ அவர் காலி. பிரான்ஸின் எமிலி ஆந்தெயோலிடம் அப்படித்தான் தங்கம் போச்சு.

2021 டோக்கியோ: ஒரு ஷிடோ போதாது, மூணாவது விழுந்தாத்தான் தோல்வி. டோக்கியோவின் புடோகான் அரங்கில் சோனேவும் ஒர்டிஸும் 4 நிமிடம் முடிச்சு, கோல்டன் ஸ்கோர்ல இன்னொரு 4 நிமிடத்துக்கு மேல போனாங்க. மூணாவது ஷிடோ ஒர்டிஸுக்கு.

ஆக, பிடியில் ஜெயிச்சு பொறுமையா ஆடுற ஆட்டத்துக்கு 2012 விதி தங்கம் குடுத்தது, அடுத்த ரெண்டும் வெள்ளி குடுத்தது. ஆட்டம் அதே, விதிதான் மாறிச்சு.

04.08.2024, இரவு 10.15

கியூபா பத்தி ஒரு துணுக்கு. ஒர்டிஸுக்கு முன்னாடி இந்தப் பிரிவில் கியூபா தொடர்ந்து நாலு ஒலிம்பிக்ல வெள்ளி: 1992, 1996ல எஸ்தெலா ரோட்ரிகெஸ், 2000, 2004ல தைமா பெல்த்ரான். நாலு ஃபைனலிலும் சீனாவிடம் தோல்வி.

04.08.2024, இரவு 10.40

மேலே எழுதினதில் ரெண்டு பிழை.

ஒண்ணு, நாலும் சீனா இல்ல. 1992ல ஜுவாங் சியாவோயான், 1996ல சுன் ஃபூமிங், 2000ல யுவான் ஹுவா, இந்த மூணு பேர் சீனா. 2004 ஏதென்ஸ்ல ஜெயிச்சது ஜப்பானின் மாகி சுகாடா.

ரெண்டு, "இந்தப் பிரிவு"ன்னு பொதுவா சொல்லிட்டேன். 1992லயும் 1996லயும் எல்லை 72 கிலோ. 78 ஆனது அப்புறம்தான்.

ஆனா துணுக்கோட சாரம் நிக்குது. 1992ல பெண்கள் ஜூடோ முறையா ஒலிம்பிக்ல சேர்ந்ததிலிருந்து டோக்கியோ வரைக்கும் எட்டு ஒலிம்பிக், எட்டிலும் கியூபாவுக்கு ஹெவிவெயிட் பதக்கம். அதுவும் மூணே பெண்கள். ஒரே தங்கம் ஒர்டிஸ் எடுத்தது. அந்தச் சங்கிலி அறுந்தது பாரிஸ்லதான், நீங்க பார்த்த அதே நாளில்.

05.08.2024, காலை 6.50

"சீனாக்காரங்களும் நின்னுக்கிட்டே ஜெயிச்சவங்கதானே"ன்னு கேட்டவருக்கு: 2008 பெய்ஜிங் ஃபைனலைப் பாருங்க. சுகாடா முன்னிலையில் இருக்கார், கடிகாரத்தில் மிச்சம் சில வினாடி. டோங் வென் உள்ளே திரும்பி எறிஞ்சார், இப்போன். ஹெவிவெயிட்ல த்ரோ இல்லன்னு சொல்றவங்களுக்கு இந்த ஒரு வீடியோ போதும்.

டோங் வென் பேரைச் சொன்னதும் ஊக்கமருந்து விவகாரம் ஞாபகம் வரும். 2009 உலகப் பட்டத்தை க்ளென்புட்டெரால் காரணமா பறிச்சாங்க. 2011ல விளையாட்டு நடுவர் மன்றம் தடையை ரத்து பண்ணிச்சு, பி மாதிரியை (உறுதிப்படுத்த வச்சிருக்கிற ரெண்டாவது மாதிரி) திறக்கும்போது அவர் தரப்பு அங்கே இருக்க வழி செய்யலன்னு. அந்தத் தீர்ப்பு நடைமுறையைப் பத்தினது. ரெண்டு பக்க ரசிகர்களும் இதை வசதிக்கு வளைக்கிறாங்க. போதும், இழை வேற பக்கம் போகுது.

05.08.2024, இரவு 8.30

சட்டை பத்திக் கேள்வி: "அடிக்கடி பெல்ட் கட்டுறாங்களே, மூச்சு வாங்கவா?"

ஆமா. மூச்சு வாங்கத்தான். பழைய வித்தை. இப்ப நடுவர் மாட்டே (நிறுத்து) சொல்லி ஹஜிமே (தொடங்கு) சொல்றதுக்குள்ள சட்டையைச் சரி பண்ணிடணும், இழுத்தடிச்சா ஷிடோ.

சட்டைக்கே தனி விஞ்ஞானம் உண்டு. சதுர மீட்டருக்கு 700 முதல் 750 கிராம் துணி. கை மணிக்கட்டு வரை வரணும். கைச்சட்டைக்குள்ள போதிய இடம் இருக்கணும், அதை அளக்க ஒரு கருவி வச்சிருப்பாங்க. மேல்சட்டை பின்புறத்தை முழுசா மூடணும். முடிச்சுக்குப் பிறகு பெல்ட் நுனி 20 முதல் 30 செ.மீ. பெண்கள் உள்ளே அரைக்கை வெள்ளை டி-ஷர்ட் போடணும்.

ஹெவிவெயிட்ல இது ஏன் பெரிய விஷயம்னா, அகன்ற உடம்பில் சட்டை இறுக்கமா உட்கார்ந்தா எதிராளிக்குப் பிடிக்கத் துணியே மிஞ்சாது. காலர் கெட்டியா இருந்தா விரல் மடங்காது. அதைத் தடுக்கத்தான் அளவுகோல். பெல்ட்டைத் தளர்வா கட்டினா ரெண்டே இழுப்பில் சட்டை வெளியே வந்து தொங்கும், அப்ப நீங்க எவ்வளவு இழுத்தாலும் துணிதான் வரும், ஆள் வரமாட்டார்.

06.08.2024, காலை 7.15

யாரோ "அப்ப எண்ணெய் தடவிக்கிட்டு வந்துடலாமே"ன்னு எழுதியிருக்கார். துருக்கியில் அதுக்குன்னே தனி மல்யுத்தம் இருக்கு, அங்கே போங்க.

06.08.2024, இரவு 11.00

நாலாம் தேதி மதியம் எழுதினதை யோசிச்சுக்கிட்டே இருந்தேன். "ஆட்டம் அதே, விதிதான் மாறிச்சு"ன்னு முடிச்சது அழகா இருக்கு, ஆனா பாதிதான் சரி.

ஹன்டேயில் நடுவர் எதைப் பார்ப்பார்? யார் அதிகமா தாக்கினார், யார் முன்னாடி போனார், அதைத்தான். ஷிடோவும் அதையேதான் தலைகீழா அளக்குது: யார் தாக்கல, யார் பின்வாங்கினார். கொடியும் ஷிடோவும் ஒரே தராசின் ரெண்டு தட்டு. அதனால 2012ல ஜெயிச்சவர் 2016 விதியிலும் ஜெயிச்சிருக்கணும். ஜெயிக்கல. அப்ப மாறினது விதி மட்டும் இல்ல.

வயசைப் பாருங்க. லண்டன்ல 22. ரியோவில் 26. டோக்கியோவில் 31, எதிரே இருந்த சோனேவுக்கு 21. லண்டன்ல எட்டாவது நிமிடத்திலும் முன்னாடி நடந்தவர் ஒர்டிஸ். டோக்கியோவில் எட்டாவது நிமிடத்தில் முன்னாடி நடந்தவர் சோனே.

சோனே ஜெயிச்ச விதமும் பாடம். இடக்கை ஆட்டக்காரர், செயோ-நாகே அவருடைய ஆயுதம். அவ்வளவு உயர வித்தியாசத்தில் சுத்தமா எறியணும்னு அவசியமே இல்ல. உள்ளே புகுற மாதிரி திரும்பணும், எதிராளி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளித் தடுக்கணும், உடனே ஓ-உச்சி-கரிக்கு (உள்பக்கமா காலை வாருறது) காலை விடணும், எதிராளி ஒரு அடி பின்வாங்கணும். இதை முப்பது, நாப்பது வினாடிக்கு ஒருமுறை செஞ்சா நடுவர் கண்ணில் ஒருத்தர் தாக்குறார், இன்னொருத்தர் தடுக்குறார். பிடிச்ச பிறகு தாக்க அப்ப 45 வினாடி அவகாசம் இருந்ததுன்னாலும், எதிராளி அடுத்தடுத்து வந்துக்கிட்டே இருந்தா அந்த 45 உங்களுக்குக் கிடைக்காது. கோல்டன் ஸ்கோருக்கு முடிவே இல்லாத காலத்தில் நுரையீரலும் ஒரு டெக்னிக்.

அதனால திருத்திச் சொல்றேன்: நேர வரம்பு போனதுதான் ஒர்டிஸைப் பாதிச்சது, ஷிடோ கணக்கு இல்ல. 8 நிமிடத்தில் கட்டாயமா முடியும்னா சக்தியைப் பங்கு போடலாம். எப்ப முடியும்னே தெரியாதுன்னா இளமைக்குத்தான் சாதகம்.

07.08.2024, காலை 6.40

"அப்ப 2013, 2014 உலகத் தங்கம்? கொடி அப்ப இல்லையே"ன்னு நல்ல கேள்வி. இல்லதான். என் வாதத்துக்கு அது எதிரா போகல. அப்ப 23, 24 வயசு. அல்தெமானும் பிடியில் நின்னு ஆடுறவர். அந்த மாதிரி ஆளை ஒர்டிஸ் வருஷம் முழுக்க ஜெயிப்பார். குட்டையா, வேகமா, ஓயாம உள்ளே வர்றவங்கதான் அவருக்குத் தலைவலி.

07.08.2024, இரவு 9.25

இப்ப அந்த 28 வினாடிக்கு வர்றேன். துலிகாவைக் குறைச்சுப் பேச வேண்டாம். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் ஸ்காட்லாந்தின் சாரா அட்லிங்டனிடம் மட்டும் தோத்து வெள்ளி எடுத்தவர். காமன்வெல்த் மேடையில் ஜப்பான், பிரான்ஸ், பிரேசில், கியூபா, சீனா, கொரியா எதுவும் கிடையாது. அந்த இடைவெளிதான் 28 வினாடியில் தெரிஞ்சது.

பொதுவா முதல் அரை நிமிடத்தில் ஹெவிவெயிட் விழுறதுக்கு மூணு காரணம் பார்க்கலாம். ஒண்ணு, ஒரு கையை மட்டும் குடுத்துட்டு இன்னொரு கைக்குத் தேடுறது. எதிராளிக்கு ரெண்டு கையும் கிடைச்சாச்சு, உங்களுக்கு ஒண்ணு. அங்கேயே பிடியை உடைச்சு விலகணும், விலகாம தேடிக்கிட்டு நின்னா போச்சு. ரெண்டு, பிடியை உடைக்க நேர் பின்னாடி நடக்கிறது. பின்னாடி போற எடை குதிகாலில் இருக்கும், அதுதான் வார்றவருக்கு வேணும். பக்கவாட்டில் வளைஞ்சு விலகணும். மூணு, பதற்றத்தில் மூச்சை அடக்குறது. தோள் மேலே ஏறும், இடுப்பு இலகுவாகும், தூக்க வசதி.

16 வருஷம் ஒலிம்பிக் மேட்ல நின்ன ஒருத்தர் இந்த மூணுக்காகத்தான் காத்திருப்பார். ஃபைனல்ல எதிராளி இதைத் தரமாட்டார், முதல் சுற்றில் தருவார். "எறியத் தெரியாதவர்" எறியறது அங்கேதான்.

08.08.2024, காலை 7.00

தரையைப் பத்தி யாருமே கேக்கல, ஆனா ஹெவிவெயிட்ல பாதி ஆட்டம் அங்கேதான். த்ரோ வாசா-ஆரியோட (பாதிப் புள்ளி) நின்னாலும் கூடவே விழுந்து கெசா-கதாமேயில் (பக்கவாட்டில் தலையையும் கையையும் அணைச்சு அமுக்குற பிடி) அமுக்கிட்டா முடிஞ்சது. லண்டன்ல இப்போனுக்கு 25 வினாடி பிடிக்கணும். இப்ப 20. பத்து வினாடி ஆனாலே வாசா-ஆரி.

கனமானவர் மேலே படுத்தா போதும்னு நினைக்கிறது தப்பு. வயிறு எதிராளி மேல இருந்தா அவர் புரட்டிடுவார். விலா எலும்பு அவர் நெஞ்சில் இறங்கணும், உங்க இடுப்பு தரையைத் தொடணும், அவர் கை உங்க அக்குளுக்குள்ள பூட்டியிருக்கணும். அவர் உங்க ஒரு காலைத் தன் கால்களால் சுத்திப் பிடிச்சுட்டா டொகெதா, கணக்கு நின்னுடும். அதனால கால்களை அகலமா விரிச்சு அவருக்கு எட்டாம வைக்கணும். நல்ல ஹெவிவெயிட் ஆட்டக்காரரோட காலைப் பாருங்க, கத்தரிக்கோல் மாதிரி விரிஞ்சு கிடக்கும்.

19.01.2025, மாலை 5.20

இழையைத் திரும்பத் திறக்கக் காரணம் இருக்கு. இந்த வருஷம் யூகோ (வாசா-ஆரிக்குக் கீழான சின்னப் புள்ளி) திரும்ப வந்தாச்சு. 2017ல விதியிலிருந்து நீக்கினது. பக்கவாட்டில் விழுந்து வாசா-ஆரிக்குப் போதாம போற த்ரோவுக்கு இனி ஏதோ ஒண்ணு கிடைக்கும்.

இது நம்ம விவாதத்துக்கு நேரா சம்பந்தம். ஹெவிவெயிட்ல பெரும்பாலான த்ரோ அப்படித்தான் முடியுது. ஆள் விழுவார், ஆனா முதுகில் விழமாட்டார். யூகோ இல்லாத வருஷங்களில் அதெல்லாம் பூஜ்யம், கோல்டன் ஸ்கோர் நீண்டது, ஷிடோ முடிவு பண்ணிச்சு.

19.01.2025, மாலை 5.45

உடனே என்னையே மறுத்துக்கிறேன். லண்டன்லயும் யூகோ இருந்தது, ரியோவிலும் இருந்தது. ரெண்டு ஃபைனலிலும் ஒரு யூகோகூட விழல. அதனால யூகோ வந்ததும் நிலைமை தலைகீழாகும்னு சொல்ல முடியாது. டோக்கியோ ஃபைனலுக்கு வேணா உதவியிருக்கலாம். முதல்ல கேட்டவர் இன்னும் இங்கே இருந்தா, 2019 உலகப் போட்டி ஃபைனலையும் 2021 ஒலிம்பிக் ஃபைனலையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்க. அதே ரெண்டு பேர், அதே புடோகான். சோனேவோட கைச்சட்டைப் பிடியை மட்டும் கவனிங்க, வேற எதையும் பார்க்க வேண்டாம்.